பாவல்: டெசலேஷனுக்கு நம்மிடம் இருக்கும் சொல்

அக்கா மகள் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றித் தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். ஓவிய வகுப்பில் தான் வரைந்த படத்தைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தாள். தாள் முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி மீன்கள். ஒன்றின் வால் இருக்கும் பள்ளத்தில் இன்னொன்றின் தலை. நடுவில் ஊசி முனை அளவுக்கும் வெள்ளைத் தாள் தெரியவில்லை.

"சித்தி, டெசலேஷனுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான்கைந்து நாள் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஒரே வடிவத்தையோ சில வடிவங்களையோ திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு தளம் முழுவதையும் மூட வேண்டும். நிபந்தனை இரண்டே இரண்டு: இடைவெளி விழக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. குளியலறைத் தரை, தேன்கூடு, செங்கல் சுவர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மொசைக் வேறு. அங்கே உடைந்த துண்டுகளுக்கு நடுவில் சாந்து இருக்கும், துண்டுகள் எந்த வடிவிலும் இருக்கலாம்.

ஆனால் பிறப்பில் இரண்டுக்கும் உறவு உண்டு. லத்தீனில் 'டெசெரா' என்றால் மொசைக்கில் பதிக்கும் சதுரத் துண்டு. சூதாடும் பகடைக்கும் அதுதான் பெயர். அதிலும் சின்னதாக இருந்தால் 'டெசெல்லா'. இந்தச் சொற்களுக்கு மூலம், 'நான்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நான்கு மூலை கொண்டது என்பதால் வந்த பெயர். ஆக, டெசலேஷன் என்ற சொல் ரோமானியக் கொத்தனாரின் கையிலிருந்து கணிதத்துக்குப் போனது. வடிவங்களால் தளத்தை நிரப்பும் வழிகளை முறையாக ஆராய்ந்து எழுதியவர் வானியலாளர் கெப்ளர், 1619ல். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட அதே மனிதர் தரை ஓடுகளையும் கணக்கிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, தமிழுக்கு வருவோம். இலங்கைப் பள்ளிப் பாடநூல்களில் 'தெசலாக்கம்' என்று இருக்கிறது. ஒலியைத் தமிழாக்கியிருக்கிறார்கள். ஆசிரியர் விளக்கினால் புரியும், சொல்லைப் பார்த்தால் புரியாது. 'தளநிரப்பல்' என்று சொல்லிப் பார்த்தேன். நிரப்பல் என்றதும் எனக்குக் குடத்தில் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. துண்டு துண்டாகப் பொருத்துகிற உணர்வு அதில் இல்லை. 'ஓடு பதித்தல்' என்பதோ வீட்டுப் பராமரிப்புப் பேச்சாக நின்றுவிடுகிறது.

அம்மாவிடம் மீன் படத்தைக் காட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீனைப் பாவி வச்ச மாதிரி இருக்கே" என்றார்.

பாவுதல்! கல் பாவிய முற்றம், பலகை பாவிய தரை என்று நாம் படித்ததெல்லாம் இந்தச் சொல்தானே. கோயில் பிராகாரத்தில் பாவுகல் என்பார்கள். அம்மாவுக்கு அது வயலிலிருந்து வந்த சொல். நாற்றங்காலில் விதையைப் பரப்புவதற்கு 'நாத்து பாவுறது' என்றுதான் அவர் ஊரில் பேச்சு. "இடம் விட்டா களை வரும், ஒரே இடத்துல குவிஞ்சா நாத்து நோஞ்சானாப் போயிடும்" என்றார். இடைவெளி கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. கணிதம் வைக்கும் அதே இரண்டு நிபந்தனைகள்!

தறியிலும் இந்தச் சொல் உண்டு. நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடு. பாவு நூல்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி, ஒன்றின்மேல் ஒன்று படியாமல் நீண்டு கிடக்கும். பாவைப் 'பா' என்றும் சொல்வார்கள், செய்யுளுக்கும் அதே பெயர்தான். மகிழ்ச்சியில் இருப்பவருக்குக் 'கால் தரையில் பாவவில்லை' என்கிறோம். அங்கே பாவுதல் என்றால் தரையோடு முழுமையாகப் பொருந்துவது. பரவு, பரப்பு என்ற சொற்களும் ஒலியிலும் பொருளிலும் பக்கத்திலேயே நிற்கின்றன. தொடக்கநிலைப் பிள்ளைகள் பரப்பளவை எப்படிக் கற்கிறார்கள்? கட்டம் போட்ட தாளில் சதுரங்களை எண்ணித்தானே. ஓர் உருவத்தைப் பாவ எத்தனை சதுரம் வேண்டும் என்பதுதான் அதன் பரப்பளவு.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. தமிழில் வீட்டின் தரையும் தளம், வடிவியலில் எல்லையில்லாமல் விரியும் சமதளமும் தளம். ஆகவே 'தளம்பாவல்' என்று சொன்னால் கொத்தனார் செய்வதையும் கணித அறிஞர் செய்வதையும் ஒரே சொல் தாங்கிக்கொள்ளும். பாவுதலை வைத்துத் 'தரைபாவுமை' என்று எழுதுவோரும் உண்டு. எனக்குத் தளம்பாவல் நாவில் எளிதாக வருகிறது, சுருக்கமாகப் பாவல். வினையாக்குவதும் சுலபம்: சதுரம் தளத்தைப் பாவும், வட்டம் பாவாது. இலங்கைத் தமிழர் காதில் 'பாவித்தல்' என்ற சொல் குறுக்கே வரலாம். அது பயன்படுத்துதல், இதிலிருந்து வேறு. பாவிப்பான், பாவுவான் என்று வினைமுற்றில் பிரிந்துவிடும் என்பதால் பெரிய குழப்பம் வராது.

அந்தச் சனிக்கிழமை பிள்ளையை ஜூ சியட் வட்டாரத்துக்குக் கூட்டிப்போனேன். கூன் செங் சாலையில், சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரனாக்கான் மக்களின் கடைவீடுகளின் முகப்பில் பூ ஓடுகள் பதித்திருப்பதைச் சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இப்படிப்பட்ட ஓடுகள் முதலில் ஐரோப்பாவிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. அவற்றில் சிலவற்றில், தனி ஓடு ஒன்றைப் பார்த்தால் பூ முழுமையாக இருக்காது, மூலையில் கால் பூதான் இருக்கும். நான்கு ஓடுகள் கூடும் இடத்தில்தான் பூ மலரும். ஓடு ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பதிக்கிறவர் கையில் சுழற்சி என்ற கணிதம் இருக்கிறது.

கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக விட வேண்டும் என்பது 1822ல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் விதி. அதுதான் நம் பெரியவர்கள் சொல்லும் அஞ்சடி. அந்த அஞ்சடித் தரையைக் குனிந்து பார்த்தபடியே நடந்தால் சதுரம், அறுகோணம், எண்கோணத்துக்கு நடுவே குட்டிச் சதுரம் என்று ஒரு பாடமே காலடியில் ஓடும். எண்கோணம் ஏன் தனியாக வராமல் சதுரத்தைத் துணைக்கு அழைக்கிறது என்று அவளைக் கேட்டேன். அங்கேயே நின்று கைப்பேசியில் கணக்குப் போட்டாள். எண்கோணத்தின் மூலை 135 பாகை. இரண்டு சேர்ந்தால் 270. ஒரு புள்ளியைச் சுற்றி 360 ஆக வேண்டும், மிச்சம் 90. அந்த இடத்தில் சதுரம் கச்சிதமாக உட்காருகிறது.

எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான வடிவங்களில் தனியாகத் தளத்தைப் பாவுபவை மூன்றுதான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூன்றை வைத்தால் 324, இன்னும் 36 பாகை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான்காவதை நுழைக்க இடம் போதாது. அறுகோணத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தளத்தைச் சமப் பரப்புள்ள அறைகளாகப் பிரிக்கும்போது சுவரின் மொத்த நீளம் அதில்தான் மிகக் குறைவு. தேனீக்கள் காலங்காலமாகக் கட்டிவருவதற்குத் தாமஸ் ஹேல்ஸ் 1999ல்தான் நிறுவல் தந்தார்.

நம் வீட்டுக் கோலத்திலும் இதே கணக்கு. நேர்ப்புள்ளி வைத்தால் புள்ளிகள் சதுரங்களின் நடுவில் நிற்கின்றன. இடைப்புள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அண்டைப் புள்ளிகள், அதாவது அறுகோணப் பாவலின் நடுப்புள்ளிகள். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என்று கோலப் புத்தகங்களில் போட்டிருக்குமே, அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவரிசையில் 15. மேலே 14லிருந்து 8 வரை 77, கீழேயும் 77. மொத்தம் 169. அது 13ஐ 13ஆல் பெருக்கினால் வரும் எண். அறுகோணமாக வைத்த புள்ளிகளை அப்படியே 13க்கு 13 என்று சதுரமாகவும் அடுக்கிவிடலாம். பொங்கலுக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கோலம் போடும்போது பிள்ளைகளை இதை எண்ணச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். அட்டையில் மனம்போனபடி ஒரு கோணல்மாணலான நாற்கோணத்தை வெட்டுங்கள். எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்துக்கும் சமமாக இருக்க வேண்டாம். அதே அளவில் இருபது துண்டு வெட்டி, இடைவெளி இல்லாமல் மேசையில் பாவ முடியுமா என்று பிள்ளையைக் கேளுங்கள். முடியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் சொன்னாள். முடியும். எந்த நாற்கோணமானாலும் முடியும். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியில் விரலை வைத்துத் துண்டை அரைச் சுற்றுச் சுற்றினால் அடுத்த துண்டு எங்கே வர வேண்டும் என்று தெரிந்துவிடும். நாற்கோணத்தின் நான்கு கோணங்களும் சேர்ந்தால் 360 என்பதால், ஒவ்வொரு மூலையிலும் நான்கு வெவ்வேறு கோணங்கள் வந்து கூடி அந்தப் புள்ளியை அடைத்துவிடுகின்றன. 360 என்ற எண்ணை அவள் தேர்வுத்தாளில் எத்தனையோ முறை எழுதியிருப்பாள். அது எதற்கு உதவும் என்று அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்தாள்.

நம் பள்ளிகளில் முதலில் கையால் தொடும் பொருள், பிறகு படம், அதன்பின் குறியீடு என்ற வரிசையில்தான் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ்வழியில் கற்பித்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982லேயே மூடப்பட்டுவிட்டது. அதனால் நம் பிள்ளைகளுக்குக் கணிதம் ஒரு மொழியிலும், பாட்டியின் வயலும் கோலமும் இன்னொரு மொழியிலும் கிடக்கின்றன. பாவல் போன்ற ஒரு சொல் கிடைத்தால், பொருள் என்ற முதல் படியில் பாட்டியையும் உட்கார வைக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இந்தத் துறையில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தவர்களில் படிப்பால் கணித அறிஞராகாதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் வாழ்ந்த மார்ஜரி ரைஸ் ஓர் இல்லத்தரசி. பள்ளிப் படிப்போடு கணிதத்தை விட்டவர். சமபக்கம் இல்லாத ஐங்கோணங்களில் சில தளத்தைப் பாவும் என்று 1975ல் ஓர் அறிவியல் இதழில் படித்துவிட்டு, தானே ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டு நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். குழிவில்லாத ஐங்கோணங்களில் அப்படி மொத்தம் 15 வகை என்று 2017ல் மிஷேல் ராவ் கணினியின் துணையோடு காட்டினார்.

இங்கிலாந்தின் டேவிட் ஸ்மித், அச்சுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 13 பக்கம் கொண்ட, தொப்பி என்று பெயரிடப்பட்ட ஒரு வடிவத்தை அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார். அது தளத்தைப் பாவுகிறது, ஆனால் வரிசை ஒருபோதும் திரும்ப வருவதில்லை. ட்ரேசிங் தாளில் படியெடுத்து எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் முழுத் தளமும் மறுபடி அப்படியே பொருந்தாது. மூன்று அறிஞர்களோடு சேர்ந்து 2023 மார்ச்சில் வெளியிட்டார். அதில் சில ஓடுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. கவிழ்க்கவே தேவையில்லாத இன்னொரு வடிவத்தை இரண்டே மாதத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த வகைக்கு 'மீள்வரிசையில்லாப் பாவல்' என்று நான் எழுதுகிறேன். பெரனாக்கான் ஓடுகள் மீள்வரிசைப் பாவல். அப்படி இரண்டு திசைகளில் வரிசை திரும்பும் வடிவமைப்புகளைச் சமச்சீரின்படி பிரித்தால் 17 வகைக்கு மேல் கிடையாது. ரஷ்யரான ஃபெடரோவ் 1891ல் நிறுவியது அது.

பிள்ளை வகுப்பில் பேசினாள். "ஒழுங்கான ஐங்கோணம் தளத்தைப் பாவாது" என்று சொன்னபோது ஒரு பையன் கையைத் தூக்கி, "அப்புறம் காற்பந்துல மட்டும் எப்படி ஐங்கோணம் இருக்கு?" என்று கேட்டானாம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. மாலையில் என்னிடம் வந்தாள்.

பந்தை எடுத்து எண்ணினோம். ஐங்கோணம் 12, அறுகோணம் 20. ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணங்களும் சேர்கின்றன. 108, 120, 120: கூட்டினால் 348. தளத்துக்கு 12 பாகை குறைகிறது. அந்தக் குறை இருப்பதால்தான் தோல் மடங்கி உருண்டையாகிறது.

"அப்போ இது தளம்பாவல் இல்லையே சித்தி" என்றாள். இல்லைதான். தளமே இல்லையே. அடுத்த நாள் தன் நோட்டில் அந்தப் பந்துப் படத்தின் கீழே 'கோளம்பாவல்' என்று எழுதி வைத்திருந்தாள்.