டேங்க்ல பாஸ்பேட் இறங்கவே மாட்டேங்குதா? தண்ணிய விடுங்க, கல்லப் பாருங்க

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்கிற கடல் தண்ணித் தொட்டி, வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது புலம்பியிருப்பாங்க, பாஸ்பேட் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) காட்டுச்சு, பாதி தண்ணிய மாத்தினேன், 0.25 ஆச்சு, ரெண்டு நாள் கழிச்சு பாத்தா மறுபடி 0.4ல வந்து நிக்குதுன்னு. நானும் டெஸ்ட் கிட்ட சந்தேகப்பட்டு வேற கிட் வாங்கினேன். அதுவும் அதையேதான் சொல்லுச்சு.

தண்ணில கரைஞ்சிருக்கிறது கொஞ்சம்தாங்க. மிச்சமெல்லாம் கல்லுலயும் மணல்லயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் கால்சியம் கார்பனேட், அதோட பரப்புல பாஸ்பேட் நல்லா ஒட்டும். தண்ணில அளவு ஏறினா கல்லு இழுத்துக்கும், இறங்கினா கக்கிரும். மாசக்கணக்கா சேத்து வச்சத நாலு பக்கெட்ல அள்ளிக் கொட்டிற முடியுமா?

அவ்ளோ எங்கருந்து வருதுன்னா, தீனிலருந்துதான். காஞ்ச தீனில பாஸ்பரஸ் 1 சதவீதம்னு வச்சுக்குவோம், 1 கிராம் போட்டா 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட் கணக்குல சுமார் 30 மில்லிகிராம். 300 லிட்டர் டேங்க்ல அது 0.1 பிபிஎம், பல பேர் வச்சுக்க நினைக்கிற மேல் அளவே அவ்ளோதான்! முழுசும் தண்ணிக்கு வராது, மீன் உடம்புக்கு கொஞ்சம் போகும், ஸ்கிம்மர் (அழுக்க நுரையாப் பிரிக்கிற கருவி) கொஞ்சம் எடுக்கும், ஆனாலும் தினமும் போடுறோம்ல.

எடுக்கிறதுக்கு எல்லாரும் போறது ஜிஎஃப்ஓ, அதாவது துரு மாதிரி இருக்கிற இரும்பு ஆக்சைடு குருணை. குடிதண்ணில ஆர்சனிக் எடுக்கவும் இதே சரக்குதான், ஏன்னா ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வேதியியல்ல அண்ணன் தம்பி மாதிரி. லாந்தனம் குளோரைடும் இருக்கு, பாஸ்பேட்ட பிடிச்சு வெள்ளைப் பொடியாக்கிரும், அந்தப் பொடிய மைக்ரான் சாக்ஸ்ல (நுண்ணிய துளையுள்ள வடிகட்டிப் பை) வடிகட்டலன்னா மீனோட செவுளுக்கு ஆகாது, புதுசா வந்தவங்க தொட வேண்டாம்னுதான் சொல்வேன். சம்ப்ல (டேங்கோட சேந்த துணைத் தொட்டி) கீட்டோங்கிற பாசி வளத்து அப்பப்ப அறுத்து எடுக்கிறது மெதுவான வழி, எனக்குப் பிடிச்சதும் அதான்.

அவசரம்தான் இதுல வில்லன். பாஸ்பேட் கூடினா பவளம் எலும்பு கட்டுறது மந்தமாகும், சரி, ஆனா ஒரே ராத்திரில அடிமட்டத்துக்கு இறக்கினா நுனி வெளுத்து தோல் உரியும், பூஜ்யத்துலயே விட்டா டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற நுண்ணுயிர்) வந்து மணல் மேல பழுப்பா கோழை மாதிரி படரும். பவளத்துக்கும் பாஸ்பரஸ் வேணும்ங்க. அதனால பாக்கெட்ல சொன்ன அளவுல கால்வாசி ஜிஎஃப்ஓ போட்டு ஆரம்பிங்க.

இன்னொண்ணு, கண்ணாடி பூரா பாசி இருந்தும் கிட் பூஜ்யம் காட்டினா நம்பாதீங்க, பாசி தின்னது போக மிச்சத்தத்தான் கிட் பாக்குது. பிபிபில (பிபிஎம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பாஸ்பரஸ் காட்டுற மீட்டர்னா, பாஸ்பேட் பிபிஎம்மா மாத்த 3.066ஆல பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும், 20 காட்டினா சுமார் 0.06 பிபிஎம் பாஸ்பேட்.

முதல் தடவ போட்ட ஜிஎஃப்ஓவோட பிடிக்கிற சக்தி நாலே நாள்ல தீந்துபோனா ஏமாந்துட்டோம்னு நினைக்காதீங்க, கல்லு கக்கிக்கிட்டு இருக்கு. அடுத்தது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அதுக்கடுத்தது இன்னும் கூட.