பாசிப்பாறையா, பாய்க்கல்லா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து பிள்ளைகளை லங்காவித் தீவுக்கு அழைத்துப்போகிறவர்கள் கொடுக்கும் தாளில் மறுபடியும் 'பாசிப்பாறை' வந்திருக்கிறது. போன தடவையும் இதே சொல்தான். நுண்ணுயிர்கள் ஏடு ஏடாகக் கட்டியெழுப்பும் கல்லான ஸ்ட்ரோமட்டோலைட்டுக்குத் தமிழாம். இனியும் சும்மா இருந்தால் தேர்வுத்தாளுக்கே வந்துவிடும்.

ஸ்ட்ரோமா என்றால் கிரேக்கத்தில் விரிப்பு, படுக்கை; லித்தோஸ் என்றால் கல். 1908-இல் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி என்ற ஜெர்மானியர் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். சொல் வரலாறு அவ்வளவுதான்.

பாசிப்பாறை என்று கேட்டதும் நம் ஆட்களுக்கு என்ன தோன்றும்? ஆற்றங்கரையில் கால் வழுக்கும் கல். 'பார்த்துப் போ, பாசி பிடிச்சிருக்கு' என்று அம்மா கத்துவாரே, அது. பாசி அந்தப் பாறையின் மேல் வந்து ஒட்டியது. பாறையை அது உண்டாக்கவில்லை. இங்கே கதையே வேறு. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் ஆழமில்லாத கடலடியில் பிசுபிசுப்பான பாயாகப் பரவுகின்றன. ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கரியமில வாயுவை அவை இழுத்துக்கொள்ள, சுண்ணாம்புச் சத்து நீரிலிருந்து பிரிந்து படிகிறது. மிதந்து வரும் மணல் துகளும் அந்தப் பிசுபிசுப்பில் மாட்டிக்கொள்கிறது. மூடிய படிவுக்குள் கிடந்தால் வெளிச்சம் இல்லை. உயிர்கள் மேலேறி வந்து புதுப் பாய் விரிக்கின்றன. ரப்பர் பால்மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் ஒட்டுப்பால் ஏடு ஏடாகத் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் வளர்கின்றன. அங்கே ஹாமலின் பூல் நீரில் வழக்கமான கடலைப்போல் இருமடங்கு உப்பு, மேய்ந்து தின்ன வரும் நத்தைகளுக்கு ஒத்துவராது.

போதாக்குறைக்கு, இந்தச் சயனோபாக்டீரியா பாசியே இல்லை. நீலப்பச்சைப் பாசி என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் பாக்டீரியா இனம் என்று தெரிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

'அடுக்குப்பாறை' என்று இன்னொரு அணி கிளம்பியிருக்கிறது. இது பாசியைவிட மோசம். கடலிலோ ஆற்றிலோ படிந்து உண்டாகும் பாறை பெரும்பாலும் அடுக்குத்தான். லங்காவியின் மாச்சின்சாங் மலை கேம்பிரியன் என்ற மிகப் பழைய புவிக்காலத்து மணற்பாறை, அதிலும் அடுக்கு உண்டு. அதையும் ஸ்ட்ரோமட்டோலைட் என்பார்களா? அதே தீவுக் கூட்டத்தின் கரைகளில் தெரியும் செத்துல் சுண்ணக்கல்லுக்கு நாற்பது கோடி ஆண்டுக்கு மேல் வயது. அதில் பல இடங்களில் கோடு கோடாகத் தெரிவது சுண்ணாம்புக்கு நடுவே மாட்டிய களிமண் இழை. உயிர் விரித்த பாய் அல்ல. மழையும் அலையும் சுண்ணாம்பைக் கரைக்க, களிமண் வரிகள் மட்டும் புடைத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு ஒரு பெயர், கோடு உண்டான விதத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு வேண்டும். முதலாவதற்கு 'வரிச் சுண்ணக்கல்' போதும். இரண்டாவதற்கு என் ஓட்டு 'பாய்க்கல்'லுக்கு.

விரிப்பு என்ற மூலப்பொருள் அப்படியே இருக்கிறது, அந்த உயிர்ப்படலத்தைப் புவியியலாளர்கள் சொல்வதும் பாய் என்றுதான். ஐந்தே எழுத்தில் கல் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிற சொல்லை விட்டுவிட்டு எங்கே போவது? 'படலக்கல்' பரவாயில்லை, ஆனால் படலம் என்றால் கண்புரையும் கம்பராமாயணமும் குறுக்கே வரும். பாய் என்றால் பிரியாணிக் கடைக்காரர் ஞாபகம் வருகிறதே என்று ஒரு நண்பர் சிரித்தார். வரட்டும். திங்கள் என்றால் நிலாவா கிழமையா என்று யாராவது குழம்புகிறோமா?

மேலே சொன்ன சுண்ணக்கல்லின் பெயரான செத்துல் என்பதும் கெடாவுக்கு வடக்கே, இப்போது தாய்லாந்தில் இருக்கும் சதூனின் மலாய்ப் பெயர்தான். செத்துல் பழத்தின் பெயரும் அதுவே. சதூன் யுனெஸ்கோ புவிப்பூங்காவில் கேம்பிரியனுக்கு அடுத்த ஆர்டோவிசியன் காலத்துச் சிவப்பு ஸ்ட்ரோமட்டோலைட் சுண்ணக்கல் இருக்கிறது. அதைச் 'சிவப்புப் பாசிப்பாறை' என்று எழுதிப்பாருங்கள்: சிவப்புப் பாசி என்று தனி இனமே கடலில் இருக்கிறது. படிக்கிற பிள்ளை அதுதான் இது என்று எழுதி வைக்கும், திருத்துகிற ஆசிரியரும் சரி போட்டுவிடுவார்.