தங்கம் எரியாது, அதில் வைக்கும் பொடி எரியும்

காய்ச்சல், குளிர், உடம்புவலி என்று வருபவர் வெல்டிங் பட்டறையிலோ நகைப்பட்டறையிலோ வேலை செய்பவர் என்றால், நுரையீரல் மருத்துவராக நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேத்து எந்த உலோகத்தைச் சூடாக்கினீங்க?" அவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் சேர்க்க வேண்டுமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

காற்றில் சூடேறும்போது எல்லா உலோகமும் ஆக்ஸிஜனோடு ஒரே மாதிரி சேர்வதில்லை. தங்கத்தை 1064 டிகிரி செல்சியஸில் உருக்கினாலும் அது சேராது. வெள்ளி ஆக்ஸைடு சூட்டில் நிலைக்காமல் பிரிந்துவிடும். செம்பு கறுக்கும், இரும்பில் செதில் படியும். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இந்த ஆக்ஸைடுகள் பெரும்பாலும் உலோகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சில் கலப்பவை வேறு. துத்தநாகம் 907 டிகிரியிலும், காட்மியம் சுமார் 767 டிகிரியிலும் கொதித்துவிடும். கிளம்பும் ஆவி காற்றில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து புகையாகிறது. அந்தப் புகையின் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜிஐ பைப்பில் வெல்டிங் வைக்கும்போது எழும் வெள்ளைப் புகை துத்தநாக ஆக்ஸைடு. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அதற்கு வெகு முன்பே மேல்பூச்சு ஆவியாகிவிடுகிறது. பகலில் வேலை செய்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், நாக்கில் இனிப்பும் உலோகமும் கலந்த சுவை, தாகம், நடுக்கம், காய்ச்சல் எல்லாம் வரும். ஓரிரு நாளில் தானாகத் தணியும். தினமும் புகையில் நிற்பவருக்கு உடம்பு கொஞ்சம் பழகிவிடும்; ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை மறுபடி வரும். "பால் குடிச்சா சரியாயிடும்னு மேஸ்திரி சொன்னாரு டாக்டர்" என்பதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பால் போவது வயிற்றுக்கு. புகை இருப்பது நுரையீரலில். பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, புகை முகத்துக்கு வராதபடி நின்று வேலை செய்வதுதான் பலன் தரும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது காட்மியம். கேடிஎம் நகை என்று நாம் கேட்டுப் பழகிய பெயருக்குப் பின்னால் இருப்பது அதுதான். நகைத் துண்டுகளைச் சுடரில் ஒட்டவைக்கும் உலோகக் கலவையைத்தான் பட்டறையில் பொடி என்பார்கள். செம்பு சேர்த்த பழைய பொடி நகையின் மாற்றை, அதாவது தங்கத்தின் தூய்மையை, குறைத்தது. 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி மாற்றைக் குறைக்காமல் எளிதில் உருகி ஒட்டியது. அதனால் வியாபாரத்துக்குப் பிடித்துப்போனது. ஊதுகுழல் சுடரில் தங்கம் அசையாமல் இருக்க, காட்மியம் ஆவியாகிப் பழுப்புநிற ஆக்ஸைடு புகையாகக் கிளம்புகிறது. நகை அணிபவருக்கு இந்தப் புகை இல்லை; பொடி வைத்து ஊதும் ஆசாரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகும் பையனுக்கும்தான். ஹால்மார்க் வந்தபின் கேடிஎம் விளம்பரங்கள் குறைந்தன. ஆனால் பழைய கேடிஎம் நகை பழுதுபார்க்க வந்துகொண்டேதான் இருக்கிறது. அதன் ஒட்டில் மறுபடி சுடர் பட்டால் பழைய காட்மியம் மறுபடி கிளம்பும். காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றுக்கம்பியால் செம்புக் குழாய் ஒட்டும் ஏசி மெக்கானிக்குகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

காட்மியப் புகையின் வஞ்சகம், முதல் சில மணி நேரம் அது துத்தநாகக் காய்ச்சல் போலவே தெரிவது. மூச்சுவிடும்போது பெரிய எரிச்சல்கூட இருக்காது. பிறகு குறைவதற்குப் பதிலாக இருமலும் மூச்சுத்திணறலும் ஏறும். நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உள்ளே போனால் சிறுநீரகத்தில் தங்கிவிடும், வெளியேறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை காட்மியத்தை வைத்திருக்கிறது.

சுடர் ஆடும் என்பதற்காகப் பட்டறைகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊதுகிறார்கள். அவர்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. மேசையின் எதிர்ப்பக்கத்தில், சுடருக்கு அருகிலேயே புகையை இழுக்கும் குழாயும் விசிறியும் வைத்தால் சுடரும் பெரிதாக ஆடாது, புகையும் முகத்துக்கு வராது. கைக்குட்டை இந்தத் துகள்களைத் தடுக்காது. காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், முதலாளியிடமும் கேளுங்கள். வீட்டு முன்னறையில் பட்டறை வைத்திருப்பவர்கள் அந்த அறையில் சமைக்கவோ சாப்பிடவோ குழந்தையைத் தூங்க வைக்கவோ வேண்டாம். தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பல வருடம் ஊதியவர்கள் சிறுநீரில் காட்மியமும் புரதமும் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். ஊதிய அன்று இரவோ மறுநாளோ மூச்சு வாங்கினால், காய்ச்சல் இறங்கட்டும் என்று காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் "காட்மியம் கலந்த பொடி வச்சு ஊதினேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்கத் தோன்றாத டாக்டருக்கும் அது வழிகாட்டும்.