குழந்தைக்குச் சர்க்கரை வந்தால் தாயின் மேல் பழி போடாதீர்கள்

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் முதல் விசாரணை தாயிடம்தான் நடக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இனிப்பாகத் தின்றாள், ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை, தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடுத்தாள், கேட்டபோதெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள் என்று குற்றப்பட்டியல் நீளும். தொண்டியிலிருந்து வரும் குடும்பமானாலும் சாயல்குடிப் பக்கத்துக் குடும்பமானாலும் பேச்சு ஒன்றுதான். தகப்பன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தால் அதே கேள்வி போனில் வந்து விழும். குழந்தைகள் நல மருத்துவராக இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் டைப் 1 வகை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகையாக எண்ணி அழித்துவிடுகிறது. இது ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ நடப்பதில்லை. மரபணு வகையில் அபாயம் அதிகமுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அமெரிக்கா, பின்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் கைக்குழந்தைப் பருவம் முதல் பின்தொடர்ந்த 'டெடி' ஆய்வில், இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் புரதங்கள்) ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே அதிகமாகத் தலைகாட்டின. இத்தகைய ஆன்டிபாடிகள் இரண்டோ அதற்கு மேலோ தோன்றிவிட்ட குழந்தைகளில் நூற்றுக்கு எழுபது பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்படுகிறது. எட்டு வயதில் அறிகுறி காட்டும் பிள்ளைக்குள் இது ஆறேழு ஆண்டுகளாக நடந்து வந்திருக்கக்கூடும். போன மாதத் திருவிழாவில் தின்ற அல்வாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, முதல் இரண்டு வயதுக்குள் என்னதான் நடக்கிறது? மரபணு ஒரு பங்கு. ஆனால் அதைக் கேட்டதும் "யார் வழியில் வந்தது?" என்று சம்பந்தி வீட்டாரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த நோய் வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ யாருக்கும் டைப் 1 இருப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலைநாட்டுக் கணக்கின்படி, தாய்க்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றளவில் இருக்கிறது. தந்தைக்கு இருந்தால் ஆறளவில். தாயைச் சுட்டும் விரல்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்கட்டும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்பாரும் உண்டு. ஒற்றை மரபணுக் குறையால் வரும் நோய்களைப் போல இதைக் கணக்கிட முடியாது. ஆனால் ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தைக்குச் சர்க்கரை வந்தால் அது வேறு கதை. அது பெரும்பாலும் மரபணுக் கோளாறு. மரபணுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அவர்களில் சிலருக்கு இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையிலேயே கட்டுப்படுத்த முடிகிறது.

இனி சிசேரியன். சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கு டைப் 1 வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருபது சதவீதம் கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அந்தச் செய்திதான் வாட்ஸ்அப்பில் இன்றுவரை சுற்றுகிறது. பிறகு ஸ்வீடனில், ஒரே தாய்க்குச் சிசேரியனில் பிறந்த பிள்ளையையும் சுகப்பிரசவத்தில் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஆக, கத்தி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. உயிரைக் காப்பாற்றச் செய்த அறுவைக்காக ஒரு பெண் ஆயுள் முழுவதும் குமைந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

பால் விஷயம் இன்னும் நுட்பமானது. பசும்பால் புரதம்தான் காரணமோ என்ற சந்தேகம் பல ஆண்டுகளாக இருந்தது. அதைச் சோதிக்கப் பதினைந்து நாடுகளில் 2,159 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குப் புரதத்தை உடைத்துத் தயாரித்த பால்மாவும் மீதிப் பேருக்கு வழக்கமான பால்மாவும் கொடுத்து, பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2018இல் முடிவு வந்தது: இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. தாய்ப்பாலைப் பொறுத்தவரை, தாய்ப்பாலே குடிக்காத குழந்தைகளுக்கு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று டென்மார்க், நார்வே நாட்டுத் தரவுகள் காட்டின. ஆனால் குடித்த குழந்தைகளுக்குள், எத்தனை மாதம் குடித்தார்கள் என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. விடியும் முன்னே பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போக வேண்டிய பெண்கள் நம்மூரில் ஏராளம். நாலாம் மாதத்திலேயே ஒரு வேளைப் பாலை விட்டுவிட்டேனே என்று அழுத தாய்மார்களிடம் நான் சொல்வது இதைத்தான். தாய்ப்பால் கொடுங்கள், முடிந்தவரை கொடுங்கள். அதற்கு ஆயிரம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. முடியாமல் போனதற்கு இந்த நோயைத் தண்டனையாக எண்ணாதீர்கள்.

வலுவான சந்தேகம் வைரஸ்கள் மேல் இருக்கிறது. காக்ஸாக்கி பி என்ற குடல் வைரஸ் சில குழந்தைகளின் மலத்தில் வாரக்கணக்கில் தொடர்ந்து வெளிப்பட்டதற்கும் கணையத்துக்கு எதிரான ஆன்டிபாடி தோன்றியதற்கும் தொடர்பு இருப்பதை 'டெடி' ஆய்வு 2019இல் காட்டியது. கருவிலேயே ருபெல்லா தாக்கிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வருவது வெகு காலமாகத் தெரிந்த செய்தி. தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் இந்தியாவில் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் வரிசையில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போது கிளம்பிய வதந்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். தடுப்பூசியால் டைப் 1 வருவதில்லை. ருபெல்லா தடுப்பூசி கருவிலிருக்கும் பிள்ளையைக் காக்கிறது. அதோடு, ருபெல்லாவால் வரக்கூடிய சர்க்கரை நோயையும் தடுக்கிறது.

நாடு மாறினால் நோயின் அளவும் மாறுகிறது என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும். பின்லாந்துக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கும் ரஷ்யக் கரேலியாவுக்கும் மரபணு வகையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நோயின் அளவில் ஆறு மடங்கு வித்தியாசம். வாழும் சூழலில் ஏதோ இருக்கிறது. அது ஒரு தாய் தன் அடுப்படியில் செய்த ஒற்றைக் காரியமாக இருக்க முடியாது.

பெரியவர்கள் இது பிள்ளைகளின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். இதே தன்னெதிர்ப்பு நோய் முப்பது வயதுக்கு மேல் மெதுவாக வருவதும் உண்டு. மருத்துவர்கள் அதை 'லாடா' என்கிறோம். ஆள் ஒல்லி, படகில் வலை இழுத்து உரமேறிய உடம்பு, சர்க்கரை என்றதும் பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் டைப் 2 என்று மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். மாத்திரை கூடிக்கொண்டே போகும், எடை குறைந்துகொண்டே போகும். "வாயைக் கட்டவில்லை" என்ற பழி இங்கே அவர் தலையில் விழுகிறது. இப்படிப்பட்டவருக்கு, தன்னெதிர்ப்பைக் காட்டும் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி, மிச்சமிருக்கும் இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் வழி காட்டும். குடும்பத்தில் தைராய்டு கோளாறோ வெண்புள்ளியோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய மாத்திரைகள் இவர்களில் சிலரை, இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் அமில மயக்கத்தில் தள்ளிவிடக்கூடும் என்பதால் எந்த வகை என்று அறிவது மருந்தையே மாற்றும். இதற்கும் தொடக்கக் காலத்தில் வேர் இருக்கலாம். ஸ்வீடன் ஆய்வொன்றில், 3 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கு லாடா வந்த வாய்ப்பு, 4 கிலோவும் அதற்கு மேலும் எடையோடு பிறந்தவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. நம் குழந்தைகளில் பெரும்பாலோர் 3 கிலோவுக்குக் கீழேதான் பிறக்கிறார்கள். ஆனாலும் கர்ப்பிணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

தொடக்கக் காலத்தை நாம் திருத்த முடியாது. தாமதத்தைத் திருத்த முடியும். இந்த மாவட்டத்தில் அந்தத் தாமதத்துக்கு வெயிலே காரணமாகிவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பிள்ளை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அப்படித்தான் ஒரு சிறுமியை மூச்சிரைப்பு என்று தூக்கி வந்தார்கள். வெளியே ஓரிடத்தில் ஆவி பிடிக்க வைத்து அனுப்பியிருந்தார்கள். நெஞ்சில் இழுப்புச் சத்தமே இல்லை; மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, வாயருகே குனிந்தால் அழுகிய பழத்தின் வாடை. விரல் நுனியில் எடுத்த ஒரு துளி ரத்தத்துக்கு குளுக்கோமீட்டர் எண்ணே காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. "பதினைந்து நாளாகப் பாயை நனைக்கிறாள் டாக்டர், கொல்லையில் அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது" என்றார் அப்பத்தா. வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இன்னதென்று அவர்களுக்குச் சொல்லித் தர ஆளில்லை. அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள், இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

இத்தாலியில் பார்மா என்ற ஊரில் 1990களில் ஒரு காரியம் செய்தார்கள். படுக்கையை நனைக்காத பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினால் சர்க்கரையைச் சோதியுங்கள் என்ற செய்தியைச் சுவரொட்டியாகப் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒட்டினார்கள். புதிதாக நோய் கண்ட பிள்ளைகளில் அமில மயக்கத்தோடு வந்தவர்கள் 78 சதவீதம் இருந்தது. சில ஆண்டுகளில் 12.5 சதவீதமாகக் குறைந்தது. நம் அங்கன்வாடிச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் அப்படி ஒன்று ஒட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடிக்கடி தண்ணீருக்கும் ஒன்றுக்கும் அனுமதி கேட்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அம்மாவை அழைத்துச் சொல்லுங்கள்.

தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு, படுக்கை நனைத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை; அறிகுறியோடு அளவு 200ஐத் தாண்டினால் அதுவே போதும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்துவிட்டால் பாம்பனிலிருந்தாலும் வாலிநோக்கத்திலிருந்தாலும் 108ஐ அழைத்து அன்று இரவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டியில் ஏறும்போது பிள்ளையின் அம்மாவை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போங்கள்.