அப்பத்தாவின் 1.0

பள்ளத்தூர் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பத்தாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாசித்துக் காட்டுவது என் வேலை. சர்க்கரை அளவைக் கேட்டதும் முகம் வாடும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் வரிக்கு வந்து, ‘1.0, நார்மல்’ என்றதும் தெளிந்துவிடும். சிறுநீரகம் தப்பித்தது என்று நாங்களும் வெகுநாள் நம்பினோம்.

என் தம்பிக்கும் அதே 1.0தான் வந்தது. அவனுக்கு வயது 25, அப்பத்தாவுக்கு 70. வயதையும் பாலினத்தையும் சேர்த்து, 2021இல் வெளியான சூத்திரப்படி கணக்கிட்டேன். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் தம்பிக்கு நிமிடத்துக்குச் சுமார் 107 மில்லி, அப்பத்தாவுக்குச் சுமார் 60. அது 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள்.

எங்கள் வளவின் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். நாற்புறத்து ஓட்டிலிருந்தும் விழும் மழைநீர் மூலையிலுள்ள வடிகாலில் வெளியேறும். தூறல் நாளில் வடிகால் பாதி அடைத்திருந்தாலும் தண்ணீர் தேங்காது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. மெலிந்த மூதாட்டியின் உடலில் அது தூறல்தான். அதனால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகும் அந்த எண் இயல்பு எல்லைக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஆட்டுக்கறி வேகும்போது அதன் தசையிலுள்ள கிரியாட்டின் என்ற பொருள் கிரியாட்டினினாக மாறுகிறது. அதைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் அளவு கூடும். கறி விருந்து முடிந்த சில மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுக்காதீர்கள்.

நீரிழிவு இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை மிகும்போது அவற்றுக்குள் ரத்தம் கொண்டுவரும் குழாய் விரிகிறது, வெளியேறும் குழாய் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, தொடக்கத்தில் பலருக்கு வடிகட்டும் வேகம் கூடவே செய்கிறது. சில வடிகட்டிகள் தழும்பேறி மூடினாலும் மற்றவை அவற்றின் சுமையையும் இழுக்கின்றன. இழப்பு வெளியே தெரிவதில்லை.

ஆகவே தசையை நம்பாத அளவுகோல் ஒன்று வேண்டியிருந்தது. சிஸ்டாட்டின் சி என்ற சிறிய புரதத்தை, உட்கரு உள்ள எல்லாச் செல்களும் ஏறக்குறைய சீராக உண்டாக்குகின்றன. தூறலா அடைமழையா என்ற ஐயம் அதில் குறைவு. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதையும் கலைக்கும் என்றாலும், மெலிந்தவர்களுக்குக் கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே நம்பகமானது.

ஆனால் இவை இரண்டும் நீர்மட்டத்தை மட்டுமே சொல்கின்றன. வடிகாலே உதிர்கிறதா என்பதை அறிய, தண்ணீரில் காரைத் துகள் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிம்-1 என்ற புரதம் நலமான சிறுநீரகத்தில் அநேகமாக இருக்காது. வடிகட்டிய நீர் ஓடும் நுண்குழாயின் செல் காயப்பட்டால் அதன் மேற்பரப்பில் முளைக்கும். பிறகு அதன் வெளிப்பகுதி வெட்டுப்பட்டு, சிறுநீரிலும் ரத்தத்திலும் கலக்கும். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இரண்டு ஏற்பிப் புரதங்கள் அழற்சியின் அடையாளம். அவையும் செல்களிலிருந்து உதிர்ந்து ரத்தத்துக்கு வருகின்றன. பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வுகளில், ரத்தத்தில் இந்த ஏற்பிகள் மிகுந்திருந்தவர்களுக்கே பின்னாளில் சிறுநீரகம் அதிகம் பழுதானது. இந்த மூன்று புரதங்களையும் நோயாளியின் மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்து ஆபத்தைக் கணிக்கும் ஒரு சோதனைக்கு 2023 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

அந்தச் சோதனைக்கு அப்பத்தாவை அழைத்துப் போக முடியாது. வீட்டில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பட்டையும் ஒருநாள் இப்படித்தான் எட்டாக் கனியாக இருந்தது. அது மின்வேதியியல் தந்த கருவி. அந்தத் துறைக்கென்றே 1953இல் திறந்த மத்திய ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இன்றைக்கே கைக்கெட்டுவது சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம். வடிகட்டியின் சுவர் இளகினால் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கசியும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். அல்புமின் கசியாமலே திறன் இழப்பவர்களும் உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனையிலிருந்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவதையும் விடக் கூடாது.

அப்பத்தாவுக்கு 68 வந்தது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இது ஏறும் என்பதால், மூன்று மாதம் கழித்து அதிகாலைச் சிறுநீரில் மறுபடி பார்த்தோம். 74. மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி வடிகட்டியின் அழுத்தத்தையும் தணிக்கும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்தைச் சேர்த்தார். அன்றைய சீட்டிலும் கிரியாட்டினின் 1.0 என்றுதான் இருந்தது.