சியென்: பெயரிலேயே நூறு

'சியென்' ஸ்பானியச் சொல். பொருள் நூறு. அமெரிக்காவின் காடிலாக் கார் நிறுவனம் 1902-இல் தொடங்கியது. நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாட 2002 டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் அது வைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இட்ட பெயர்தான் காடிலாக் சியென்.

என்ன அழகான கார் அது! எஃப்-22 போர் விமானத்தைப் பார்த்து வரைந்த கூர்மையான மடிப்புகள், கத்தரிக்கோல்போல மேலே எழும் கதவுகள், இருக்கைகளுக்குப் பின்னால் 750 குதிரைத்திறன் கொண்ட 7.5 லிட்டர் வி12 (12 சிலிண்டர்) எஞ்சின். ஆனாலும் விற்பனைக்கு வரவே இல்லை.

லத்தீனில் நூறு 'கென்டும்'. அது ஸ்பானியத்தில் 'சியென்டோ' ஆகி, தனியாக நிற்கும்போது 'சியென்' என்று சுருங்கும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன கிளைதான் 'சென்ட்'. ஒரு டாலருக்கு 100 சென்ட் என்பது தெரிந்ததே. நம் ஊர் நிலப் பத்திரத்தில் வரும் சென்ட்டும் அதே சொல்தான், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. வடமொழியின் 'சதம்' இதற்கு உடன்பிறப்பு. சதவீதம், கிரிக்கெட் சதம், இலங்கையின் சதக் காசு எல்லாம் அதிலிருந்து வந்தவை.

'நூறு' இந்தக் குடும்பத்தில் சேராது. அது திராவிடச் சொல். மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் உண்டு. ஆகவே சியெனுக்கு நேர்த் தமிழ் நூறுதான், சதம் அல்ல. ஆனால் தமிழில் காரின் பெயராக எழுதும்போது 'சியென்' என்றே விட்டுவிடலாம். முதலில் வரும் இடத்தில் பொருளைச் சொன்னால் போதும்.

சரி, இது எந்த வகைக் கார்? 'கான்செப்ட் கார்' என்பதைப் பலர் 'மாதிரி கார்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உற்பத்திக்கு முன் சோதித்துப் பார்க்கச் செய்வது முன்மாதிரி, ஆங்கிலத்தில் புரோட்டோடைப். கான்செப்ட் கார் ஒரு வடிவமைப்பு எண்ணத்தைக் கண்முன் நிறுத்துவதற்காகச் செய்வது. அது விற்பனைக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'கருத்துருக் கார்' என்பதே பொருத்தம்: கருத்தும் உண்டு, அதற்கு ஓர் உருவும் உண்டு.

அடுத்த ஆண்டே காடிலாக் இன்னொரு கருத்துருக் காரைக் காட்டியது. அதன் பெயரும் எண்தான்: 16 சிலிண்டர் எஞ்சினுக்காக 'சிக்ஸ்டீன்'. அதுவும் விற்பனைக்கு வரவில்லை.