தூங்கும் குழந்தைக்கும் சண்டை கேட்கிறது

பிள்ளை தூங்கிவிட்டான் என்ற தைரியத்தில்தான் பல வீடுகளில் குரல் உயர்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தைரியத்தைக் கெடுத்துவிட்டது. 6 முதல் 12 மாதக் குழந்தைகளைத் தூக்கத்திலேயே ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கோபக் குரல்களை ஒலிக்கவிட்டார்கள். சச்சரவு மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளையில் மன அழுத்தத்தின்போது உடலை உஷார்ப்படுத்தும் ஹைப்போதலாமஸ் உள்ளிட்ட சில பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன.

ஆபத்து என்று தோன்றியதும் ஹைப்போதலாமஸ், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். வெறிநாயிடமிருந்து தப்பி ஓட இது வேண்டியதுதான். ஆபத்து நீங்கியபின் அதே கார்ட்டிசால் மூளைக்குப் போய்ச் சுரப்பை அடக்கிவிடும். அடுத்த சண்டை எப்போது என்று தெரியாத வீட்டில் இது ஒழுங்காக அடங்குவதில்லை. தூக்கம் கெடும், வயிறு வலிக்கும், நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்பிவரும்.

சண்டை முற்றிப் பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளை உருப்படாது என்று முகப்பில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் சுமார் 25 சதவீதத்தினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. பிரியாத குடும்பங்களில் சுமார் 10 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் நான்கில் மூன்று பேர் தேறிவிட்டார்களே!

ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை எதற்கும் தன்னையே காரணமாக நினைக்கும். நான் சாப்பிட அடம் பிடித்ததால்தான் அப்பா தேவகோட்டைக்குப் போய்விட்டார் என்று அது மனத்துக்குள் முடிவுகட்டியிருக்கும். உன்னால் இல்லை என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது.

எது எப்போது நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளையின் பதற்றம் குறையும். சனிக்கிழமை யார் வந்து கூட்டிப்போவார், புத்தகப்பை எந்த வீட்டில் இருக்கும் என்பதைக் காலண்டரில் எழுதிவைக்கலாம். கார்த்திகை தீபத்துக்குப்பின் நகரத்தார் வீடுகளில் வரும் பிள்ளையார் நோன்புதான் சிக்கலான நாள். இழை எடுப்பது, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியை வாயில் போட்டுக்கொள்வது, அப்பாவின் அம்மாவான அப்பத்தா வீட்டிலா, அம்மாவின் அம்மாவான ஆயா வீட்டிலா? உனக்கு எங்கே பிடிக்கும் என்று எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்பது பாசம் போலத் தெரியும். யாராவது ஒருவரை விட்டுக்கொடு என்றுதான் அதற்குக் கேட்கும். கார்த்திகைக்கு முன்பே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டு, அடுத்த வருஷம் எந்த வீடு என்பதையும் சேர்த்தே பிள்ளையிடம் சொல்லிவிடலாம்.